துளசிமணி சார்

சித்தெ அக்கட்ட நகந்து ஒக்காருங்க தம்பி, இந்தப் பக்கம் வெயிலு மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும் போதும். போர்டைப் படிச்சீங்களா? பெண்கள் பிரிவு, ஆண்கள் உள்ளே வரக் கூடாது. கட்டுன பொண்டாட்டியைப் பாக்கறதுக்குப் புருசன் உள்ள போகக் கூடாதாமா. நல்லா இருக்குதுங்க நாயம். அதோ, தூணோரம் பச்சைச் சீலை கட்டிட்டு நிக்கறாளே மரகதம்னு, எங்கூருக்காரிதான், அவ மட்டும் போறா, வாறா. நான் என்னமோ காய்கறி விக்க வந்தவனாட்டம் வெளிய ஒக்காந்துட்டிருக்கறேன்.

உங்களுக்கு யாருங்க உள்ள? அம்மாவா? மேலுக்கு என்னவாம்? மார்ல கட்டியா? பெத்த பையன் நீங்களே டாக்டரம்மாகிட்ட அதையெல்லாம் பேசுனீங்களா? அட போங்க தம்பி. எங்கூட்டுல எல்லாம் பொம்பளைங்க நோவு பொம்பளைங்களோட. ஆம்பளை காதுக்கு வராது. வந்தாலும் நாம கேட்டுக்க மாட்டோம், அது ஒரு மரியாதை.

என்ற பேரு சென்னியப்பன். கருக்கம்பாளையம். மூணு ஏக்கரா மஞ்சக் காடு, ஒரு பம்பு செட்டு, ஒரு பையன். பையன் பெங்களூருல இருக்கறான். ஊருக்குள்ள நாலு பேருக்கு நடுவுல ஒக்காந்து நாயம் பேசற ஆளுங்க நான். ஒரு பிரச்சனைன்னா சென்னியப்பனைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்க. ஆனா இன்னிக்கு எங்கூரு டீக்கடைக்கு நான் போனா என்ன பேரு சொல்லிக் கூப்பிடறாங்க தெரியுங்களா? துளசிமணி சார். துளசிமணிங்கறது என்ற ஊட்டுக்காரி பேருங்க. சிரிக்காதீங்க. சிரிக்கறதுக்கு இல்ல இது. சொல்றேன், கேட்டுப்போட்டு நீங்களே நாயம் சொல்லுங்க.

எங்க வட்டாரத்துக்கு ஒரு குழு போட்டாங்க தம்பி. மக்கள் நலவாழ்வு ஆலோசனைக் குழுன்னு பேரு. ஆஸ்பத்திரிக்கு என்ன வேணும், எந்த ஊருல என்ன நோவு, எந்த மருந்துக்குத் தட்டுப்பாடு, இதையெல்லாம் சனங்க வாயாலயே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு சர்க்காரு நெனைச்சுது. நல்ல திட்டம்தானுங்க, நான் குறை சொல்லலை. ஆனா அதுல ஒரு கெரகம் புடிச்ச விதி, பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கோணும்னு. துளசிமணி எங்கூரு மகளிர் குழுவுக்குத் தலைவி. சரின்னு அவ பேரைப் போட்டுட்டாங்க.

அவளுக்கு என்னங்க தெரியும்? கூட்டம்னா மைக் இருக்கும், ஆபீசருங்க இருப்பாங்க, நாக்கு மேல ஒட்டிக்கும். அதனால நான் போனேன். நான் மட்டும் இல்லீங்க, எங்க பக்கம் அதுதான் வழக்கம். பொம்பளை பேருல பதவி வந்தா ஆம்பளை போயிக் கூட்டத்துல ஒக்காந்துட்டு வருவான், அவ ஊட்டுல இருந்தபடிக்கே கையெழுத்துப் போடுவா. பஞ்சாயத்துலயும் அப்படித்தான், பால் சொசைட்டியிலயும் அப்படித்தான். மேசை மேல எல்லாருக்கும் பேரு எழுதுன அட்டை வெச்சிருப்பாங்க. திருமதி துளசிமணி, திருமதி ருக்குமணி, திருமதி பாவாயி. ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலயும் ஒவ்வொரு மீசை. எங்களுக்கு அது வித்தியாசமாவே தெரியலை. டீ கொண்டார ஆளு கூட, "துளசிமணி சாருக்குச் சக்கரை கம்மி"ம்பான். அவன் பிரியமாத்தான் சொல்வான். இப்ப சொல்றானுங்களே, அந்த மாதிரி இல்ல.

நாலு வருசம் பேசுனனுங்க. மத்தவங்கெல்லாம் போண்டாவைத் தின்னுட்டு வாட்ச்சைப் பாத்துட்டு இருப்பாங்க. நான் அப்படி இல்ல. ஆபீசரு "பெண்கள் தரப்புல யாராச்சும் கருத்துச் சொல்றீங்களா"ன்னு கேட்டா, "பெண்கள் சார்பா நான் சொல்றேனுங்க"ன்னு மொத ஆளா எந்திரிப்பேன்.

எங்கூரு ஆஸ்பத்திரிக்கு, பிணத்தை வெக்கற பிரீசர் பெட்டி வந்துச்சே, அதை வாங்கிக் குடுத்தது ஆருங்கறீங்க? நானு. எங்கய்யன் செத்தப்ப சித்திரை மாசம். பையன் பெங்களூருல இருந்து வரோணும், ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் திருப்பூரு, கோயமுத்தூருன்னு செதறிக் கெடக்குது. ஐஸ் கட்டி வாங்கி வெச்சு, அது உருகி வாசலெல்லாம் ஓடி, அசிங்கமாப் போச்சுங்க. அன்னிக்கே முடிவு பண்ணுனேன். மனுசன் கடைசியா ஒரு மரியாதையோட போகோணுமா வேண்டாமான்னு கூட்டத்துல கேட்டேன். பெட்டி வந்துச்சு, ரிப்பன் வெட்டுனோம், எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. தீர்மானத்துல மட்டும் 'திருமதி துளசிமணி அவர்களின் கோரிக்கை'ன்னு எழுதிப்போட்டாங்க. அது ஒண்ணுதான் மனசுக்குக் குறை.

இந்த மரகதமும் குழுவுல உறுப்பினர்தான். புருசன் செத்துட்டான், அதனால அவளே வந்து ஒக்காருவா. அத்தனை ஆம்பளைக்கு நடுவுல ஒத்தப் பொம்பளை. வாயைத் தொறந்தா ஒரே பாட்டு. வாரத்துக்கு ஒரு நாளாச்சும் லேடி டாக்டரு வேணும், இருக்கறது ஆம்பளை டாக்டரு, பொம்பளைங்க காட்ட மாட்டேங்கறாங்கன்னு. நான் எந்திரிச்சுக் கேட்டேன். "ஏம்மா, பிரசவத்துக்கெல்லாம் சின்னப் புள்ளைங்க இப்ப டவுனுக்குப் போயிருதுங்க. ஊருல இருக்கறது பூராம் அம்பதைத் தாண்டுனதுங்க. அதுங்களுக்கு எதுக்கு லேடி டாக்டரு?"ன்னேன். கூட்டமே சிரிச்சுது. கைதட்டுனாங்க தம்பி. பெண்கள் தரப்பே வேண்டாம்னு சொல்லிப்போட்டுது, இனி என்னன்னு ஆபீசரும் அடுத்த விசயத்துக்குப் போயிட்டாரு. மரகதம் என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க, எரிச்சுப்போடற மாதிரி. பாத்துட்டுப் போகட்டும்.

துளசிமணியும் கேப்பா. நான் சட்டையை மாட்டிட்டுக் கெளம்பறப்ப வந்து கதவோரம் நிப்பா. "அந்த லேடி டாக்டரைப் பத்திச் சித்தெ சொல்லுங்க"ம்பா. "உனக்கு எதுக்குடி?"ம்பேன். "சும்மாத்தான், சொல்லுங்க"ம்பா. சும்மாத்தான்னா என்னங்க அர்த்தம்? சும்மாத்தான்னுதான் அர்த்தம். மரகதம் தூண்டி உடறான்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதே கதை. ஒரு தடவை எரிச்சலாகி, "அத்தனை அக்கறைன்னா நீயே போயிப் பேசு"ன்னு கத்திப்போட்டேன். பொட்டாட்ட உள்ள போயிட்டா. அதுக்கப்பறமும் அடுத்த கூட்டத்துக்கு வந்து நின்னா, அதே எடத்துல.

என்ன பாக்கறீங்க அப்படி? அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது தம்பி. வரவர நெம்பச் சோம்பேறியாயிட்டா. முன்னெல்லாம் மஞ்சக் கூடையை ஒத்தையில தூக்கித் தலையில வெச்சுட்டுப் போறவ. புள்ளை பெத்துப் பத்து நாள்ல, மஞ்ச வேகவெக்கற வேவுக்காட்டுக்கு வந்து நின்னவ. இப்ப ஒரு கொடம் தண்ணி தூக்க ஆளைத் தேடுவா. கண்ணாலத்துக்குக் கூப்பிட்டா பஸ்ல வர மாட்டேம்பா. ஒரு எடத்துல ஒழுங்கா ஒக்கார மாட்டா, இப்படிச் சாஞ்சு, அப்படிச் சாஞ்சு. கோயலுக்குப் போறதையே நிறுத்திப்போட்டா. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு என்னத்தையோ தொவைப்பா, கேட்டா பழைய துணிம்பா. சொந்தப் பேத்தி வந்து காலைக் கட்டிட்டு, தூக்கு ஆத்தான்னு அழுகுது, தூக்க மாட்டேங்கறா! அந்தப் பிஞ்சு மொகத்தைப் பாத்து எனக்கு எப்படி வந்துச்சுங்கறீங்க கோவம். கல்லு மனசுக்காரின்னு வஞ்சேன். அதுக்கும் சிரிச்சுட்டே போயிட்டா.

சரி, விசயத்துக்கு வாரேன். தை மாசம் புது சப் கலெக்டரு வந்தாங்க. பொம்பளை. சின்ன வயசு. கூட்டத்துல வந்து ஒக்காந்ததும் அட்டையெல்லாம் ஒண்ணொண்ணாப் படிச்சாங்க, அப்பறம் எங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தாங்க. "திருமதி துளசிமணி யாரு?"ன்னாங்க. பழக்க தோசம் பாருங்க, "நான்தானுங்க மேடம்"னு கையைத் தூக்கிப்போட்டேன். அந்தம்மா சிரிக்கவே இல்ல. பேனாவை மூடி வெச்சுட்டு, "அடுத்த மாசம் அட்டையில பேரு இருக்கிறவங்க மட்டும் உள்ள வரட்டும், கூட வர்றவங்க வெளிய இருக்கட்டும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நாலு வருச உழைப்பு தம்பி. ஒரு நிமிசத்துல போச்சு.

ஆபீசரு சொன்னாச் சொன்னதுதான, என்ன பண்றது? கூட்டத்துக்கு மொத நாளு துளசிமணியை ஒக்கார வெச்சுப் பாடம் சொல்லிக் குடுத்தேன். "கரண்டு போனாப் பெட்டி வேலை செய்யறதில்லை, அதனால ஜெனரேட்டரு வேணும். இது ஒண்ணைக் கேளு, கேட்டுட்டு ஒக்காந்துரு. வேற எதுவும் பேசாத." திருப்பிச் சொல்லச் சொன்னேன். தப்பில்லாமச் சொன்னா. பரவால்லையே, பழக்குனா வந்துரும்னு நெனைச்சேன்.

கூட்டத்தன்னிக்குப் பொம்பளைங்க உள்ள, புருசனுங்க நாங்க பூராம் சன்னலுக்கு வெளிய. துளசிமணி எந்திரிச்சா. மேசையை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு நின்னா. ஜெனரேட்டரு வேணும்னு நான் சொன்னபடிக்கே சொன்னா. நான் பக்கத்துல நின்ன ரங்கசாமியை, அதான் அந்த ருக்குமணி புருசனை, பாத்துக்கன்னு தோள்ல ஒரு தட்டுத் தட்டுனேன். அப்ப அவ சொல்றா, "இது எங்கூட்டுக்காரரு சொல்லச் சொன்னதுங்க மேடம். இனி நான் சொல்றது."

சன்னல் கம்பி வழியாக் கையை உட்டு, ஒக்காரு ஒக்காருன்னு சைகை காட்டுனேன்.

"எனக்குக் கர்ப்பப்பை கீழ எறங்கிக் கெடக்குதுங்க. துணியை வெச்சுக் கட்டிட்டுத்தான் இங்க நிக்கறேன். நடந்தா உரசுது, ஒக்காந்தா குத்துது. ரத்தமும் போகுது. ஆம்பளை டாக்டருகிட்ட எப்படிக் காட்டறதுன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்துட்டேன். நான் மட்டும் இல்லீங்க. எங்கூருல மஞ்சக் கூடை தூக்குன பொம்பளைங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான் துணியைக் கட்டிட்டுத் திரியறோம். எங்களுக்கு ஒரு பொம்பளை டாக்டரு வேணுமுங்க." அதுக்கு மேல, எப்ப இருந்து ஆரம்பிச்சுது, என்ன ஆச்சுன்னு என்னென்னமோ சொல்லிட்டே போனா. எனக்கு எங்க அதெல்லாம் காதுல உழுந்துச்சு? நான் ரங்கசாமி மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறேன். மைக்குல தம்பி! மைக்குல சொல்றா! ரோட்டுல போறவன் பூராம் வண்டியை நிறுத்திக் கேக்கறான்.

அப்பறம் மரகதம் எந்திரிச்சு, "எனக்குந்தானுங்க"ன்னா. பாவாயி எந்திரிச்சா. ரங்கசாமி ஊட்டு ருக்குமணியும் எந்திரிச்சா. சன்னலோரம் நின்ன ஆம்பளைங்க ஒவ்வொருத்தனா நழுவ ஆரம்பிச்சான். திரும்பிப் பாத்தா நான் மட்டும் நிக்கறேன்.

ரங்கசாமி பொண்டாட்டியும் எந்திரிச்சாளா இல்லையா? ஆனாலும் டீக்கடையில என்னைத்தான் கேக்கறான், அத்தனை பேரு முன்னாடி. "ஏனுங்க துளசிமணி சார், உங்க கர்ப்பப்பை இப்ப எப்படி இருக்குதுங்க?" கடையே குலுங்கிச் சிரிச்சுது. டீயைக் கீழ ஊத்திப்போட்டு வந்துட்டேன். நாலு வருசமா மனுசன் பேசுனதெல்லாம் போயி, இந்த ஒரு பேச்சுதான் ஊருல நிக்குது. பையன் ஒருத்தன், பெத்தவன் மானம் போச்சேன்னு கேப்பான்னு பாத்தா, போனைப் போட்டு, "அம்மா பேசுனாங்களாமே, பெருமையா இருக்குதுப்பா, அம்மாவைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ங்கறான். நான் போனை வெச்சுட்டேன்.

லேடி டாக்டரு சேங்சன் ஆயிருச்சு. மாசிக் கடைசியில இருந்து வாராவாரம் புதன்கெழமை. ஆனா சப் கலெக்டரம்மா அன்னிக்கே என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இவங்க அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. சரிங்க மேடம்னு தலையை ஆட்டிட்டு வந்தேன். கூட்டிட்டுப் போகலை. எதுக்குங்க போகோணும்? கட்டுனவன்கிட்டச் சொல்லாம ஊருக்கே சொன்னவ, ஊரே கூட்டிட்டுப் போகட்டும். "அதான் உன்ற டாக்டரு வரப்போறாளே, இருந்து காட்டிக்க"ன்னு சொல்லிப்போட்டேன். அதோட பேச்சும் இல்ல. சோத்தைப் போடுவா, தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். தப்புத்தானுங்க, கோவிச்சுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை அவளும் கேக்கோணுமில்ல? கேக்கலை. மரகதம் வந்து, நாம ரெண்டு பேரும் போலாம் வான்னு கூப்பிட்டிருக்கறா. "அவரு கோவம் அடங்கட்டும், அவரோடயே போறேன்"னு இவ சொல்லியிருக்கறா. இதையும் மரகதம்தான் இன்னிக்குக் காலையில எம் மேல எரிஞ்சு உழுந்து சொன்னா.

புதன்கெழமைக்கு இன்னும் நாள் இருக்குதுங்க. இன்னிக்கு நான் காட்டுல தண்ணி கட்டிட்டு ஊட்டுக்கு வாரேன், வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது. ஊட்டுக்குப் பின்னால, பொடக்காலியில உழுந்து கெடந்திருக்கறா. மரகதம் தலையை எடுத்து மடியில வெச்சுட்டு ஒக்காந்திருக்கறா. கூட ஒருத்தருதான் ஏறலாம்னாங்க. நான் காலை எடுத்து வெக்கறதுக்குள்ள மரகதம் ஏறிட்டா. நான் டவுன் பஸ்ஸைப் புடிச்சு, வழி பூராம் நின்னுட்டே வந்தேன்.

அத்தனை ரத்தம் தம்பி. தொவைக்கற கல்லு, வாசப்படி, எங்க பாத்தாலும். ஒரு மனுசி மேல்ல அவ்வளவு ரத்தம் இருக்குமான்னு இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்குது. ஊருக்காரங்ககிட்ட இதைச் சொல்ல முடியாது, உங்ககிட்டச் சொல்றேன். பயமா இருக்குது.

இருங்க, இருங்க. துளசிமணின்னு கூப்பிடறாங்க. இதோ வந்துட்டேனுங்க!

தண்ணி வெச்சிருக்கறீங்களா தம்பி? குடுங்க ஒரு வாயி.

டாக்டரம்மாதான் வெளிய வந்தாங்க. "துளசிமணிக்கு யாரு?"ன்னாங்க. நானும் போனேன், மரகதமும் வந்தா. "ஊட்டுக்காரரு நான்தானுங்க. எதா இருந்தாலும் என்கிட்டக் கேளுங்க, அவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியாது"ன்னேன். "அவங்க நினைவு தப்பிக் கிடக்கிறாங்க, நீங்கதான் சொல்லணும். ரத்தப்போக்கு எப்ப இருந்து?"ன்னாங்க. கூட்டத்துல எந்தக் கேள்விக்கும் தெரியலைன்னு சொல்லிப் பழக்கமில்லாதவன் தம்பி நான். "ஒரு மாசம் இருக்குமுங்க"ன்னு பட்டுன்னு சொன்னேன். அவங்க எழுதிட்டாங்க. மரகதம் ஊடால வந்து, "இல்லீங்க டாக்டரம்மா, ரெண்டு வருசம். கூட்டத்துலயே மைக்குல சொல்லுச்சுங்களே"ன்னா.

டாக்டரம்மா எழுதுனதை அடிச்சுட்டு, "ரெண்டு வருசமா? ஏன் இத்தனை நாளா யாரும் கூட்டிட்டு வரலை?"ன்னாங்க. மரகதம் என்னைத் திரும்பிப் பாத்தா, அவ்வளவுதான். டாக்டரம்மாவும் என்னைப் பாத்தாங்க. அப்பறம் அவளை மட்டும், "நீங்க வாங்கம்மா, உங்ககிட்டச் சொல்றேன். புண்ணு ரொம்ப மோசமா இருக்கு"ன்னு உள்ள கூட்டிட்டுப் போயிக் கதவைச் சாத்திட்டாங்க.

புருசன் நானு. அவளுக்காக நாலு வருசம் தொண்டை வத்தப் பேசுனவன் நானு. இத பாருங்க, எனக்கு இப்படி இருக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா, கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டு வாங்கியிருக்க மாட்டனா தம்பி? வாங்கற ஆளில்லையா நானு?

இந்நேரம் வரைக்கும் என்னதான் சொல்றாங்களோ அந்தம்மா. நான் போயிக் கதவைத் தட்டுனா, மரகதம் இருக்கற கோவத்துக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்திப்போடுவா. டாக்டரம்மா உங்ககிட்ட நல்லாத்தான பேசுனாங்க? உங்கம்மாவைப் பத்திக் கேக்கற மாதிரிப் போயி, இதையும் சித்தெ கேட்டுட்டு வாங்க தம்பி. எனக்காக நீங்க கேளுங்க. துளசிமணி பொழைச்சுக்குவாளான்னு மட்டும் கேளுங்க.